அப்பாவின் சிபிஎஸ் 15: இது ஆயுளைச் சொல்லும் எண்ணா, மருந்தைச் சொல்லும் எண்ணா?

கீழத்தஞ்சைக்காரன் | ஞாயிறு, இரவு 10:40

அப்பாவுக்கு 62 வயது. இடது கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய். நாற்பது வருடமாக வெற்றிலை, சீவல், புகையிலை மூன்றும் வாயை விட்டு இறங்கியதில்லை. போன வருடம் அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு 30 நாள் ரேடியேஷனும் கூடவே கீமோவும். பதினோரு மாதம் நன்றாக இருந்தார். இப்போது கழுத்தில் மறுபடியும் கட்டி, நுரையீரலில் சின்னச் சின்னப் புள்ளிகள். இன்னொரு அறுவைக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

கட்டியில் பிடி-எல்1 என்ற புரதம் எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனை எழுதிக்கொடுத்தார்கள். அறிக்கையில் இருப்பது ஒரே வரி: சிபிஎஸ் 15. டாக்டரைப் பார்க்க வியாழக்கிழமைதான் நாள் கிடைத்தது. அதுவரை சும்மா இருக்க முடியாமல் தேடிப் படித்தேன். ஒரு கட்டுரை பிடி-எல்1 அதிகம் இருந்தால் ஆயுள் குறைவு என்கிறது. இன்னொன்று அதிகம் இருந்தால் ஆயுள் கூடுதல் என்கிறது. மூன்றாவது, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்கிறது. மூன்றும் வாய்ப்புற்றுநோயைப் பற்றியவைதான். நான் வணிகவியல் படித்தவன். 15 நல்லதா கெட்டதா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

"நூற்றுக்குப் பதினைந்துதானா?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

மூன்றாம்_வார்டு | ஞாயிறு, இரவு 11:15

தம்பி, முதலில் போய்த் தூங்குங்கள். என் கணவருக்கு நாக்கில் வந்தது. அவருக்கு அந்த எண் 40. "நல்ல அளவு, மருந்து கேட்கும்" என்றார்கள். எங்கள் விஷயத்தில் கேட்கவில்லை. ஐந்து மாதத்தில் போய்விட்டார். அதே வார்டில் எங்களுக்கு அடுத்த கட்டிலில் இருந்த அம்மாவுக்கு 2. அவர் இன்றைக்கும் எனக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறார். உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள் என்பதற்குத்தான்.

நுண்ணோக்கி | திங்கள், காலை 6:50

நான் நோய்க்குறியியல் துறையில் இருக்கிறேன். உங்கள் அறிக்கையில் அந்த எண்ணைப் போட்டவர் என்னைப் போன்ற ஒருவர்தான். இது மதிப்பெண்ணே இல்லை என்று முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

ஸ்லைடில் உயிருள்ள புற்றணுக்கள் குறைந்தது நூறு இருக்க வேண்டும். பிடி-எல்1 சாயம் ஏறிய புற்றணுக்கள், சாயம் ஏறிய லிம்போசைட்டுகள், சாயம் ஏறிய மேக்ரோஃபேஜ்கள் (பின்னிரண்டும் எதிர்ப்பணுக்கள்) மூன்றையும் கூட்டுகிறோம். அதை உயிருள்ள புற்றணுக்களின் மொத்த எண்ணிக்கையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் சிபிஎஸ். நியூட்ரோஃபில், பிளாஸ்மா அணு, செத்துப்போன திசு, கெரட்டின் எதையும் எண்ணுவதில்லை. வகுக்கும் எண்ணில் புற்றணு மட்டும், மேலே எதிர்ப்பணுக்களும் சேர்ந்து என்பதால் விடை சில சமயம் நூறைத் தாண்டும். தாண்டினாலும் நூறு என்றுதான் எழுதுவோம். ஆகவே இது சதவீதமும் அல்ல.

இப்போது உங்கள் 15ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 400 புற்றணுக்கள் இருக்கும் ஓர் இடத்தில் 60 புற்றணுக்களில் மட்டும் சாயம் ஏறியிருந்தால் சிபிஎஸ் 15. அதே 400 புற்றணுக்களில் ஒன்றில்கூடச் சாயம் ஏறாமல், சுற்றியிருக்கும் 60 மேக்ரோஃபேஜ்களில் ஏறியிருந்தாலும் 15தான். முதல் ஆளின் கட்டி தானே கவசம் போட்டுக்கொண்டு நிற்கிறது. இரண்டாம் ஆளின் கட்டிக்குள் எதிர்ப்பணுக்கள் கூட்டமாகப் புகுந்திருக்கின்றன. இருவரின் நோயும் ஒரே வழியில் போகும் என்று நான் சொல்ல மாட்டேன். அறிக்கையோ இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் எழுதுகிறது.

நீங்கள் படித்த மூன்று கட்டுரைகள் மூன்று விதமாகச் சொன்னதற்கு ஒரு காரணம் இது. சில ஆய்வுகள் புற்றணுவை மட்டும் எண்ணுகின்றன. சில எதிர்ப்பணுவையும் சேர்க்கின்றன. சாயத்துக்குப் பயன்படும் எதிர்ப்பொருளும் பலவகை: 22சி3, 28-8, எஸ்பி263, எஸ்பி142. கடைசியாகச் சொன்னது மற்றவற்றைவிடக் குறைவாகவே சாயம் பிடிக்கும். நால்வர் நான்கு படியால் நெல்லை அளந்துவிட்டு விளைச்சலைப் பற்றிச் சண்டை போடுவது மாதிரிதான்.

ஒரு கேள்வி: பரிசோதனை எந்தத் திசுவில் நடந்தது? போன வருட அறுவையில் எடுத்த மெழுகு பிளாக்கிலா, இப்போதைய கழுத்துக் கட்டியிலா?

கணக்குப்பிள்ளை | திங்கள், காலை 9:05

நானும் ஒன்று சொல்லலாமா? இந்த மார்க்கர் வியாபாரமே லட்சக்கணக்கில் விலை போகும் ஊசியை விற்பதற்கான தூண்டில். எண் அதிகம் வந்தால் "உங்களுக்கு மருந்து கேட்கும், வாங்குங்கள்". குறைவாக வந்தால் "கீமோவோடு சேர்த்து வாங்குங்கள்". எப்படி விழுந்தாலும் அவர்களுக்கே வெற்றி.

இரவுப்பணி | திங்கள், இரவு 11:50

மருத்துவப் புற்றுநோயியலில் மேற்படிப்பு படிக்கிறேன். கணக்குப்பிள்ளை ஐயாவின் கோபம் நியாயம், முடிவு பிழை. பொறுமையாக எழுதுகிறேன்.

இந்த இழையில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. எந்தச் சிகிச்சை கொடுத்தாலும் இந்த நோய் எப்படிப் போகும் என்பது முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்வது முன்கணிப்புக் குறி. இந்தக் குறிப்பிட்ட மருந்தால் இவருக்கு மற்றவரைவிடக் கூடுதல் பலன் கிடைக்குமா என்பது இரண்டாவது. அதற்குப் பதில் சொல்வதைப் பலன் குறி என்று வைத்துக்கொள்வோம். ஒரு மார்க்கர் இவற்றில் எது என்று அறிய ஒரு சுலப வழி உண்டு. அந்த மருந்தைப் பெறாத குழுவைப் பாருங்கள்.

கீநோட்-048 என்ற ஆய்வு 2019இல் வெளிவந்தது. மீண்டும் வந்த அல்லது பரவிய தலை, கழுத்துப் புற்றுநோய் உள்ள 882 பேர். ஒரு குழுவுக்கு, எதிர்ப்பணுக்களின் தடையை நீக்கும் பெம்ப்ரோலிசுமாப் ஊசி மட்டும். ஒரு குழுவுக்கு அதனுடன் கீமோ. மூன்றாம் குழுவுக்கு அதுவரை வழக்கில் இருந்த செடுக்ஸிமாப், கீமோ கூட்டு. பெம்ப்ரோலிசுமாப் மட்டும் பெற்றவர்களையும் பழைய கூட்டைப் பெற்றவர்களையும் சிபிஎஸ் வாரியாகப் பிரித்தபோது கிடைத்த இடைநிலை ஆயுள் இது:

சிபிஎஸ் 20ம் அதற்கு மேலும்: புதிய மருந்து 14.9 மாதம், பழைய கூட்டு 10.7.
சிபிஎஸ் 1 முதல் 19 வரை: புதியது 10.8, பழையது 10.1.
சிபிஎஸ் 1க்குக் கீழ்: புதியது 7.9, பழையது 11.3.

பழைய கூட்டின் எண்களை மட்டும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். 10.7, 10.1, 11.3. சிபிஎஸ் ஏறினாலும் இறங்கினாலும் அவர்கள் நிலைமையில் பெரிய மாற்றமில்லை. பிடி-எல்1 நோயின் போக்கைத் தீர்மானிப்பதாக இருந்தால் அந்த வரிசை ஏறியோ இறங்கியோ இருக்க வேண்டும். இப்போது புதிய மருந்தின் எண்களைப் படியுங்கள். 14.9, 10.8, 7.9. படிக்கட்டு போல இறங்குகிறது. அதாவது சிபிஎஸ் அப்பாவின் ஆயுளைச் சொல்லவில்லை. தனி ஊசி போதுமா, கீமோவைச் சேர்க்க வேண்டுமா என்பதைச் சொல்கிறது. 1 முதல் 19 வரையிலான குழுவில் கீமோவுடன் சேர்த்துக் கொடுத்தபோது 12.7 மாதம், அதற்கு எதிரான பழைய கூட்டில் 9.9. உங்கள் 15க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய வரி இதுதான்.

கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு: ஆய்வு தன் குறையையும் மறைக்கவில்லை. சிபிஎஸ் 20ம் அதற்கு மேலும் இருந்தவர்களில்கூட தனி ஊசிக்குக் கட்டி சுருங்கியது 23 சதவீதம் பேருக்கு. பழைய கூட்டில் 36 சதவீதம். ஆனால் சுருங்கியவர்களுக்கு அது நின்ற காலம் 20.9 மாதம், பழையதில் 4.2. மூன்றாம்_வார்டு அக்காவின் கணவர் 40 இருந்தும் பலனில்லாத பெரும்பான்மையில் ஒருவர். அந்த எண் பொய் சொல்லவில்லை அக்கா. அதிலிருந்து எடுத்துச் சொன்ன உறுதிதான் அளவு மீறியது.

மூன்றாம்_வார்டு | செவ்வாய், காலை 5:30

நான்கில் ஒருவருக்குத்தான் சுருங்கும் என்று அன்று யாராவது எங்களிடம் சொல்லியிருந்தால் போதும். நாங்கள் மருந்தை வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டோம். வீட்டுப் பத்திரத்தை அடகு வைப்பதற்குமுன் ஒருமுறை யோசித்திருப்போம்.

இடைநிலை | செவ்வாய், காலை 8:20

புள்ளியியல் என் தொழில். பெயரைப் பார்த்தாலே தெரியும். இரவுப்பணி தந்த எண்களில் கை வைக்க மாட்டேன், இரண்டு அடிக்குறிப்பு மட்டும். சிபிஎஸ் 1க்குக் கீழ் என்ற கட்டத்தில் ஒவ்வொரு பக்கமும் நாற்பத்துச் சொச்சம் பேர்தான். 1 முதல் 19 வரை, 1க்குக் கீழ் என்ற பிரிப்புகளும் பின்னால் செய்யப்பட்டவை. திசையை நம்பலாம், தசமப் புள்ளியை நம்ப வேண்டாம். இன்னொன்று: இடைநிலை ஆயுள் 10.8 மாதம் என்றால் பாதிப்பேர் அதைத் தாண்டியும் இருந்தார்கள் என்று பொருள். அதைக் காலாவதித் தேதி போலப் படிக்கிறவர்கள்தான் எனக்கு வரும் மின்னஞ்சல்களில் முக்கால்வாசி.

கட்டுரைகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கு வருகிறேன். ஒரு மருத்துவமனையில் பழைய பிளாக்குகள் 80 கிடைக்கின்றன. ஆய்வாளர் பிடி-1, பிடி-எல்1, லேக்-3, டிம்-3, டிஜிட் என்று எதிர்ப்பணுக்களை அடக்கும் ஐந்து மார்க்கர்களுக்குச் சாயம் போடுகிறார். ஒவ்வொன்றுக்கும் "அதிகம், குறைவு" என்று பிரிக்கும் கோட்டை நான்கு இடங்களில் வைத்துப் பார்க்கிறார். மொத்தம் இருபது முயற்சி. தற்செயலுக்கு நூற்றில் ஐந்து வாய்ப்பு விடும் 0.05 என்ற அளவுகோலில் இருபது முயற்சிக்கு ஒன்று தற்செயலாகவே தேறும். தேறியது கட்டுரையாகிறது, மீதி பத்தொன்பது இழுப்பறைக்குப் போகிறது. பக்கத்து ஊர் ஆய்வாளருக்கு வேறொன்று தேறுகிறது. இருவர் மீதும் மோசடிக் குற்றம் சாட்டவில்லை. கோட்டை முன்கூட்டியே வரைந்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்கவில்லை என்பதுதான் குற்றம்.

இடக் கலப்பும் உண்டு. நாக்கு, கன்னம், டான்சில், குரல்வளை எல்லாவற்றையும் "தலை, கழுத்து" என்று ஒரே சாக்கில் கட்டிவிடுகிறார்கள். டான்சில், அடிநாக்குப் புற்றுநோய்களில் எச்பிவி வைரஸால் வருபவை தனி இனம். எதிர்ப்பணுக்கள் நிறைய, பிடி-எல்1ம் அடிக்கடி அதிகம், நோயாளிகளும் நீண்ட நாள் இருப்பார்கள். அவர்களைக் கலந்துவிட்டால் பிடி-எல்1 ஆயுளை நீட்டிக்கிறது என்ற பிரமை தானாக வந்துவிடும்.

பனையடி | செவ்வாய், பிற்பகல் 2:10

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்திலும் வெற்றிலைத் தட்டம் இல்லாத வீடு குறைவு. ஆண்களுக்கு வாய்ப்புற்றுநோய்தான் முன்னுக்கு நிற்கிறது. மாமாவுக்கு அடுத்த மாதம் கீழ்த்தாடை ஈற்றில் சத்திரசிகிச்சை. வைத்தியசாலையில், எச்பிவி இருப்பதைக் காட்டும் பி16 பரிசோதனை பற்றி ஒரு பேச்சு வந்தது. எச்பிவி இருந்தால் நல்லது என்கிறார்களே, அதையும் செய்விக்க வேண்டுமா? சத்திரசிகிச்சைக்கு முன்னமே இந்த ஊசி போடும் முறை வந்துவிட்டது என்றும் கேள்விப்பட்டேன். உண்மையா?

இரவுப்பணி | செவ்வாய், இரவு 10:30

பனையடி அண்ணா, பி16 முடிவு நோய் எந்த நிலை என்ற கணிப்பை மாற்றுவது வாய்க்குப் பின்னாலுள்ள தொண்டைப் பகுதியில், அதாவது டான்சிலிலும் அடிநாக்கிலும். ஈற்றுக்கும் கன்னத்துக்கும் அந்த விதி பொருந்தாது. மாமாவுக்கு அதில் நேரத்தையும் பணத்தையும் செலவிட வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. உங்கள் மருத்துவரின் காரணம் வேறாக இருந்தால் அவரைக் கேளுங்கள்.

எச்பிவி சுத்தமான முன்கணிப்புக் குறி. 2010இல் வெளிவந்த ஆய்வில், தொண்டைப் புற்றுநோயாளிகளில் எச்பிவி உள்ளவர்களில் 82.4 சதவீதம் பேர் மூன்றாண்டுக்குப் பிறகும் உயிரோடிருந்தார்கள், இல்லாதவர்களில் 57.1. ரேடியேஷனும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் இருவருக்கும் உண்டு. நல்ல முன்கணிப்பு என்று தெரிந்ததும், "இவர்களுக்குத்தான் நோய் எளிதில் அடங்குகிறதே, கடினமான சிஸ்பிளாட்டினுக்குப் பதிலாகச் செடுக்ஸிமாப் போதும்" என்று ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2018இல் வந்தது. ஐந்தாண்டில் சிஸ்பிளாட்டின் பெற்றவர்களில் 84.6 சதவீதமும் செடுக்ஸிமாப் பெற்றவர்களில் 77.9 சதவீதமும் உயிரோடிருந்தார்கள். நோயின் போக்கைச் சொல்லும் குறியை வைத்து மருந்தைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் எனக்குத் தெரியாது.

அறுவைக்கு முன் ஊசி: உண்மை. கீநோட்-689 ஆய்வில் 714 பேர். அறுவைக்கு முன் பெம்ப்ரோலிசுமாப் இரண்டு முறை. பின்பு ரேடியேஷனோடும் அதற்கப்புறமுமாகப் பதினைந்து முறை. மூன்றாண்டில் நோய் திரும்பாமலும் மோசமாகாமலும் இருந்தவர்கள் 57.6 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 46.4. அமெரிக்காவில் 2025 ஜூனில் சிபிஎஸ் 1ம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஒப்புதல் கிடைத்தது. அதற்காக ஒப்புக்கொண்ட அறுவைத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். அறுவை செய்பவரையும் மருந்து கொடுப்பவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துக் கேட்க வேண்டிய கேள்வி இது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. அறுவை இல்லாமல் ரேடியேஷன், கீமோவோடு சேர்த்து இதே வகை ஊசிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவெலுமாபில் 697 பேர், பெம்ப்ரோலிசுமாபில் 804 பேர். இரண்டு ஆய்வும் இலக்கை எட்டவில்லை. எதிர்ப்பணுக்கள் பயிற்சி பெறும் கழுத்து நெறிகளையே (நிணநீர்க் கணுக்களையே) ரேடியேஷன் சுட்டுவிடுகிறது என்பது ஒரு கருதுகோள். எனக்கு அது பிடித்திருக்கிறது, நிரூபணம் ஆகவில்லை.

நீக்கப்பட்ட பதிவு

மட்டுறுத்துநர் குறிப்பு: கீமோவை நிறுத்திவிட்டு எண்ணெய் கொப்பளிக்கச் சொன்ன பதிவு நீக்கப்பட்டது. தொலைபேசி எண்ணோடு வந்திருந்தால் கணக்கே நீக்கப்பட்டிருக்கும்.

கீழத்தஞ்சைக்காரன் | புதன், இரவு 7:45

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் மதிப்பெண் இல்லை என்று சொல்லிவிட்டேன். "அப்படியென்றால் ஏன் எண் போடுகிறார்கள்?" என்கிறாள்.

நுண்ணோக்கி ஐயா கேட்டது: போன வருடத்து பிளாக்கில்தான் செய்திருக்கிறார்கள். கழுத்துக் கட்டியில் ஊசி குத்தி உறிஞ்சியெடுத்தது மட்டும்தான் நடந்தது. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்: பிடி-எல்1 இருந்தால் நல்லதா கெட்டதா என்பதே ஏன் இவ்வளவு குழப்பம்? புற்றுநோய் தன்னை மறைத்துக்கொள்ளப் போடும் முகமூடி என்றால் அது கெட்டதாகத்தானே இருக்க வேண்டும்?

நுண்ணோக்கி | புதன், இரவு 9:30

நல்ல கேள்வி. தஞ்சாவூர்க்காரர் என்பதால் மாட்டை வைத்துச் சொல்கிறேன். புற்றணுவைத் தாக்கும் எதிர்ப்பணுவான டி அணு ஒரு காளை. அதன் மேல் இருக்கும் பிடி-1 மூக்கணாங்கயிறு. கட்டியில் இருக்கும் பிடி-எல்1 அந்தக் கயிற்றைப் பிடித்து இழுக்கும் கை. நீங்கள் சொல்லும் ஊசி கைக்குக் கயிறு எட்டாமல் செய்கிறது. காளை விடுபடுகிறது. பிடி-1ஐ 1992இல் கண்டறிந்த கியோட்டோக்காரர் தசுக்கு ஹோஞ்சோவுக்கு 2018இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது இதற்காகத்தான்.

அந்தக் கை எப்போது நீள்கிறது என்பதில்தான் குழப்பம். பெரும்பாலும் காளை வந்து முட்டத் தொடங்கிய பிறகுதான். டி அணு தாக்கும்போது சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமாவே பிடி-எல்1ஐத் தூண்டுகிறது. ஆகவே கை தெரிந்தால் காளை வந்திருக்கிறது என்று பொருள். அது நல்ல சேதி. ஆனால் காளையே வராத தொழுவத்திலும் சில கட்டிகள் கையை நீட்டிக்கொண்டு நிற்கும். மரபணுக் கோளாறால், உதாரணமாக ஒன்பதாம் குரோமோசோமில் பிடி-எல்1 மரபணு இருக்கும் பகுதி பல படிகளாகப் பெருகிவிட்டால், யாரும் தாக்காமலேயே பிடி-எல்1 வெளிப்படும். அங்கே கயிற்றை அறுத்து என்ன பயன்? ஓடிவரக் காளை இல்லை. சாயம் இரண்டையும் ஒரே பழுப்பு நிறத்தில்தான் காட்டுகிறது.

அதனால் முன்கணிப்பு என்று வந்தால் நான் கையை எண்ணுவதைவிடக் காளையை எண்ணுவதையே நம்புவேன். சிடி8 வகை டி அணுக்கள் கட்டிக்குள் நிறைய இருந்தால் நோயாளியின் போக்கு நல்லபடி இருக்கிறது என்பதில் ஆய்வுகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. அதிலும் அவை புற்றணுக் கூட்டத்துக்குள் நுழைந்திருக்கின்றனவா, வேலிக்கு வெளியே நார்த்திசுவில் நிற்கின்றனவா என்பது முக்கியம். ஆனால் இது இன்னும் வழக்கமான அறிக்கையில் எழுதப்படும் விஷயமாகவில்லை.

லேக்-3, டிம்-3, டிஜிட் பற்றியும் இதே எச்சரிக்கை. ஒரு டி அணு சுறுசுறுப்பாகும்போதும் இவை வெளிப்படும், ஓய்ந்துபோகும்போதும் வெளிப்படும். ஸ்லைடில் பார்த்து இது வேர்வையா, களைப்பா என்று சொல்வது கடினம். லேக்-3க்கு எதிரான மருந்து 2022இல் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு வந்துவிட்டது. தலை, கழுத்துக்கு வரவில்லை. சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு கயிற்றைத் தடுக்கும் இபிலிமுமாபை, பிடி-1ஐத் தடுக்கும் நிவோலுமாபோடு சேர்த்து 947 பேரிடம் சோதித்தார்கள். பழைய கூட்டை வெல்ல முடியவில்லை. இன்னொரு கயிற்றையும் அறுத்தால் இன்னும் வேகம் வரும் என்ற கணக்கு இங்கே பலிக்கவில்லை.

உறிஞ்சியெடுத்த அணுக்களில் சிபிஎஸ் நம்பகமாகப் போட முடியாது, சுற்றுத் திசுவும் வேண்டும். கழுத்தில் தடித்த ஊசியால் திசுத்துண்டு எடுக்க இயலுமா என்று நாளைக்குக் கேளுங்கள். இயலாவிட்டால் பழைய பிளாக் முடிவே போதும், அதற்காக வருந்த வேண்டாம்.

இரவுப்பணி | புதன், இரவு 11:10

அம்மாவின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். நோய் எப்படிப் போகும் என்று தெரிய வேண்டுமானால் போன வருட அறுவை அறிக்கையை எடுங்கள். வெட்டு விளிம்பில் நோய் இருந்ததா, கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருந்தது, எத்தனை நெறிகளில் பரவியிருந்தது, நெறியின் உறையைக் கிழித்து வெளியே வந்திருந்ததா, நரம்பைச் சுற்றி ஊர்ந்திருந்ததா என்று அதில் எழுதியிருக்கும். ஆழமும் உறைக்கிழிப்பும் நோயின் நிலையையே மாற்றும் அளவுக்கு முக்கியம் என்று 2018 முதல் நடைமுறையில் உள்ள வகைப்பாடு ஏற்றுக்கொண்டது. இவை எல்லாம் சாதாரணச் சாயத்தில், கூடுதல் செலவில்லாமல் தெரிபவை. இன்றைய நிலைக்கு: எடை எவ்வளவு குறைந்தது, பகலில் படுக்கையில் எவ்வளவு நேரம், சிகிச்சை முடிந்து எத்தனை மாதம் கழித்துத் திரும்பியது. அப்பாவுக்கு ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்திருக்கிறது. ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களை கீநோட்-048இல் சேர்க்கவே இல்லை. அந்த இடைவெளி 15ஐவிட எனக்குப் பெரிய சேதி.

கீழத்தஞ்சைக்காரன் | அடுத்த புதன், இரவு 8:00

தாமதத்துக்கு மன்னியுங்கள். கழுத்தில் திசு எடுத்தார்கள். புதிய முடிவு: சிபிஎஸ் 4. பதினைந்திலிருந்து நான்குக்கு இறங்கிவிட்டது! நோய் முற்றிவிட்டதா?

நுண்ணோக்கி | அடுத்த புதன், இரவு 8:25

இல்லை, இல்லை. இரண்டும் 1 முதல் 19 வரை என்ற ஒரே கட்டம். ஒரே கட்டியின் இரு மூலைகளில்கூட இந்த வித்தியாசம் வரும். இங்கே இடம் வேறு, காலம் வேறு, இடையில் ரேடியேஷன் வேறு. ஒரு உண்மையைச் சொல்கிறேன்: ஒரே ஸ்லைடைக் காலையில் 18 என்றும் மாலையில் 22 என்றும் எண்ணியிருக்கிறேன். 20 என்பது நடுவில் ஓடும் கோடு என்பதால் அன்று இன்னொருவரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். 15க்கும் 4க்கும் அந்தத் தொல்லை இல்லை.

கீழத்தஞ்சைக்காரன் | அடுத்த புதன், இரவு 9:10

சரி, மூச்சு வந்தது. டாக்டர் இரண்டு வழி சொன்னார். பெம்ப்ரோலிசுமாபும் கீமோவும் முதல் வழி. செலவு எங்கள் கைக்கு எட்டாது. இரண்டாவது, குறைந்த அளவு நிவோலுமாப், மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம், கூடவே மூன்று மாத்திரை. மும்பையில் சோதித்த முறை என்றார். வழக்கமான அளவு 240 என்று படித்தேன். பன்னிரண்டில் ஒரு பங்கு போதுமா? கணக்குப்பிள்ளை ஐயா, இது எந்தத் தூண்டில்?

கணக்குப்பிள்ளை | அடுத்த புதன், இரவு 9:40

அதைத்தான் நானும் கேட்க வந்தேன். பன்னிரண்டில் ஒரு பங்கு போதுமென்றால் மீதிப் பதினொரு பங்குக்கு இத்தனை நாள் எதற்குக் காசு வாங்கினார்கள்?

இரவுப்பணி | அடுத்த புதன், இரவு 11:55

அந்த ஆய்வு டாடா நினைவு மருத்துவமனையில் 151 பேரிடம் நடந்தது. எல்லோருக்கும் மெத்தோட்ரெக்ஸேட், செலிகாக்ஸிப், எர்லோடினிப் மாத்திரைகள். பாதிப்பேருக்குக் கூடுதலாக 20 மில்லிகிராம் நிவோலுமாப். ஓராண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் ஊசி பெற்றவர்களில் 43.4 சதவீதம், மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 16.3. இடைநிலை ஆயுள் 10.1 மாதம், 6.7 மாதம். சேர்வதற்குப் பிடி-எல்1 நிபந்தனையே கிடையாது.

ஏன் போதும் என்றால், அப்பாவின் எடை 50 கிலோ என்று வையுங்கள். கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் வருகிறது. ஆரம்பகால ஆய்வுகளிலேயே கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் அளவில் டி அணுக்களின் பிடி-1 பெரும்பாலும் நிரம்பிவிட்டது தெரிந்திருந்தது. எல்லா மூக்கணாங்கயிறும் அறுந்த பிறகு இன்னும் நூறு அரிவாள் கொண்டுவந்து என்ன செய்வது? கணக்குப்பிள்ளை ஐயா, உங்கள் கோபத்தை இங்கே கொண்டுவந்து வையுங்கள், நானும் கூட நிற்கிறேன்.

இடைநிலை | அடுத்த வியாழன், காலை 7:30

நானும் நிற்கிறேன், ஒரு கையை உயர்த்திக்கொண்டு. அந்த ஆய்வு குறைந்த அளவை முழு அளவோடு ஒப்பிடவில்லை. ஊசி இல்லாததோடு ஒப்பிட்டது. அதனால் 10.1ஐ எடுத்துப் போய் கீநோட்டின் 12.7க்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. நோயாளிகளும் வேறு, எதிரணியும் வேறு. குறைந்த அளவு ஒன்றுமில்லாததைவிட நிச்சயம் மேல். முழு அளவுக்குச் சமமா என்பது வேறு கேள்வி.

மூன்றாம்_வார்டு | அடுத்த வியாழன், காலை 8:05

தம்பி, ஊசி நாளை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். குப்பி 40 மில்லிகிராமில் வரும். எங்கள் வார்டில் இரண்டு பேரை ஒரே நாளில் வரச்சொல்லி ஒன்றைப் பகிர்ந்து கொடுத்தார்கள், செலவு பாதியானது. எர்லோடினிப் வெறும் வயிற்றில். முகத்தில் பரு மாதிரி வந்தால் பயப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள். புகையிலையைப் புகைக்கவும் கூடாது, மாத்திரையின் வேலை குறைந்துவிடும். அப்பாவுக்கு வாய் எவ்வளவு திறக்கிறது?

கீழத்தஞ்சைக்காரன் | அடுத்த வியாழன், இரவு 7:20

இரண்டு விரல் அளவுதான் அக்கா. மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கலாமா என்று நாளைக்குக் கேட்கிறேன். திங்கட்கிழமை முதல் ஊசி. கூடவே வருபவர் திருவாரூர்ப் பக்கத்துக்காரர், பெட்டிக்கடை வைத்திருந்தவராம். அவரும் அப்பாவும் ஒரே குப்பி. தைராய்டு ரத்தப் பரிசோதனைக்கும் எழுதியிருக்கிறார்கள். அது எதற்கு? நோய் கழுத்தில்தானே?

இரவுப்பணி | அடுத்த வியாழன், இரவு 11:30

அவிழ்த்துவிட்ட காளை சில சமயம் சொந்தத் தோட்டத்திலேயே மேய்ந்துவிடும். தைராய்டு, நுரையீரல், குடல் மூன்றையும் கவனிக்க வேண்டும். கழுத்தில் ரேடியேஷன் வாங்கியவர் என்பதால் தைராய்டு ஏற்கெனவே சோர்ந்திருக்கவும் கூடும். முதல் ஊசிக்கு முன் ஓர் அளவு இருந்தால்தான் பின்னால் இறங்கினால் எதனால் என்று தெரியும். திங்கட்கிழமை காலையிலேயே ரத்தம் கொடுத்துவிடுங்கள். புதிதாக இருமலோ மூச்சிரைப்போ வந்தால், அடிக்கடி வயிறு போனால், அடுத்த ஊசித் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கூப்பிடுங்கள்.

கீழத்தஞ்சைக்காரன் | அடுத்த வியாழன், இரவு 11:42

எழுதி வைத்துக்கொண்டேன். அம்மா கேட்கிறாள்: அந்தப் பெட்டிக்கடைக்காரருக்கு எண் எத்தனையாம்?